தைராய்டு ரிப்போர்ட்டை நம்பலாமா? கையை நீட்டிக்கொண்டே கேட்ட கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முப்பது ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். ஊசி குத்தும் அந்த அரை நிமிடப் பயத்தை மறக்க எல்லோரும் ஏதாவது கேட்பார்கள். சர்க்கரைக்காரர்கள் அதிகம் கேட்பதில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும். தைராய்டுக்காரர்கள்தான் ஓயமாட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் விட்டபாடில்லை. கல்யாணப் பந்தியில் சொதி பரிமாறும்போது பக்கத்து இலைக்காரர் செல்பேசியில் ரிப்போர்ட்டைத் திறந்து நீட்டுகிறார்.

அடிக்கடி கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரையை ஏற்றுவது, இறக்குவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் பேச வேண்டியவை. அந்த எண் எப்படி வருகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

டி-3, டி-4, டி.எஸ்.எச். என்று மூன்று எழுதியிருக்கிறது. மூன்றும் ஒன்றுதானே அக்கா?

இல்லை. டி-4, டி-3 இரண்டும் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பது. டி.எஸ்.எச். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பது. கன்னடியன் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். டி-4 என்பது கால்வாயில் ஓடும் தண்ணீர். டி.எஸ்.எச். என்பது கடைமடை வயல்காரர் தண்ணீர் கேட்டுப் போடும் சத்தம். தண்ணீர் குறைந்தால் சத்தம் கூடும். வயல் நிறைந்தால் சத்தம் அடங்கும். அதனால்தான் டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு குறைவு, இறங்கினால் தைராய்டு அதிகம். பாதிப் பேருக்குக் குழப்பம் இந்த இடத்தில்தான்: "எனக்கு டி.எஸ்.எச். 12, அப்படியென்றால் தைராய்டு அதிகம்தானே?" என்பார்கள். நேர் எதிர்.

இந்த வயல்காரர் லேசுப்பட்டவர் இல்லை. தண்ணீர் ஒரு சாண் இறங்கினாலே ஊரைக் கூட்டிவிடுவார். டி-4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். நூறு மடங்கு அளவுக்குக்கூட ஏறலாம். டி-4 இன்னும் வரம்புக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான் டாக்டர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு சின்ன அளவை மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அது சொல்வது சரியாகத்தான் இருக்குமா?

ஹார்மோனை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை ரத்த நீரில் கலக்கிறோம். பிடித்த அளவுக்கு ஏற்ப ஒளி வரும். மெஷின் அந்த ஒளியை எண்ணுகிறது. எதிர்ப்பொருளைக் கொண்டு ஹார்மோனை அளக்கும் வழியை 1950களின் இறுதியில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கண்டார்கள். அப்போது ஒளிக்குப் பதில் கதிரியக்கம். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார். தொடக்க காலக் கருவிகளுக்கு 1க்குக் கீழே டி.எஸ்.எச். இருந்தால் வேறுபாடு தெரியாது. இப்போதைய கருவிகள் 0.01, 0.02 வரை பிரித்துச் சொல்கின்றன.

நல்ல லேபில் காலையில் முதல் வேலை, அளவு முன்பே தெரிந்த மாதிரியை மெஷினுக்குள் விட்டுப் பார்ப்பது. அது தப்பாகச் சொன்னால் அன்றைக்கு ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகக்கூடாது. இது தவிர வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்தும் வெளித் தரச் சோதனை ஒன்று உண்டு. அங்கிருந்து வரும் மாதிரியை அளந்து அனுப்பினால், மற்ற லேப்களோடு ஒப்பிட்டு நம் நிலையைச் சொல்வார்கள். உங்கள் லேப் இப்படி எதிலாவது சேர்ந்திருக்கிறதா, லேப்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற லேபுக்கு அடுத்த முறை போகாதீர்கள். நான் பார்த்தவரை மெஷின் தவறுவது குறைவு. மெஷினுக்கு முன்னாலும் பின்னாலும் நடப்பவைதான் ஆளைக் கவிழ்க்கின்றன. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியவைதான்.

களக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தேன். பசி தாங்காமல் இரண்டு இட்லியும் காப்பியும் ஆயிற்று. ரத்தம் எடுப்பீர்களா, திரும்பிப் போகவா?

உட்காருங்கள், எடுக்கலாம். தைராய்டுக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பதால் எல்லோருக்கும் ஒரே விதி சொல்லிவிடுகிறார்கள்.

ஆனாலும் நேரம் ஒரு விஷயம்தான். டி.எஸ்.எச். நள்ளிரவுக்குப் பின் உச்சத்தில் இருக்கும், மாலை நெருங்கும்போது தாழ்ந்திருக்கும். சாப்பிட்ட பிறகும் கொஞ்சம் இறங்கும். காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் 4.8 காட்டியவருக்குப் பகல் 3 மணிக்குச் சாப்பாட்டுக்குப் பின் 3.6 வரலாம். இரண்டும் மெய். எப்போது கொடுத்தாலும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில், அதே வயிற்று நிலையில் கொடுங்கள்.

காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வரலாமா?

வேண்டாம். கையோடு கொண்டுவந்து, ரத்தம் கொடுத்த பின் போட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு குறைவுக்குப் போடும் அந்த மாத்திரையே டி-4தான். போட்டுச் சில மணி நேரம் ரத்தத்தில் டி-4 தூக்கலாக இருக்கும். டி.எஸ்.எச். அவ்வளவு சீக்கிரம் அசையாது. டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பதானால், மறந்து போட்டுவிட்டதற்காகத் திரும்பிப் போக வேண்டியதில்லை; போட்டதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

நார்மல் 4 வரைதான் என்று போட்டிருக்கிறது. எனக்கு 4.6. அப்படியென்றால் வியாதி வந்துவிட்டதா?

நோயில்லாத பலரின் ரத்தத்தை எடுத்து, இரு ஓரத்தையும் வெட்டிவிட்டு, நடுவிலுள்ள 95 சதவீதத்தைத்தான் "நார்மல்" என்று அச்சடிக்கிறார்கள். அப்படியானால் உடம்பில் ஒன்றுமில்லாத இருபது பேரில் ஒருவர் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்பார். கோட்டைத் தாண்டியதும் பள்ளம் என்று நினைக்க வேண்டாம். வயல் வரப்பு மாதிரிதான் அது.

டி-4 சரியாக இருந்து, டி.எஸ்.எச். 10க்குக் கீழே லேசாக ஏறியிருந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். 10ஐத் தாண்டினால் பேச்சே வேறு. வயதும் கணக்கில் வரும்: 80ஐக் கடந்த ஆச்சிக்கு 6 என்று வந்தால், இருபத்தைந்து வயதுப் பேத்திக்கு 6 வந்ததுபோல அலற வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு வரம்பே வேறு; அது கீழே தனியாக வருகிறது.

டவுனில் ஒரு லேபில் 5.2, வண்ணார்பேட்டையில் 3.9. இரண்டில் எது பொய்?

இந்தக் கேள்விக்கு ஒரு ரூபாய் வாங்கியிருந்தால் நான் தாமிரபரணிக் கரையில் வீடு கட்டியிருப்பேன். இரண்டும் பொய்யில்லை. முதலாவது, உங்கள் உடம்பே ஒரே எண்ணில் நிற்பதில்லை. ஒரே ஆளிடம் ஒரே லேபில் வாரம் ஒருமுறை எடுத்தாலும் டி.எஸ்.எச். சுமார் 20 சதவீதம் மேலும் கீழும் ஆடும். இரண்டாவது, இரண்டு நிறுவன மெஷின்கள் வெவ்வேறு எதிர்ப்பொருளை வைத்து அளக்கின்றன. ஒரே குழாயை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாலும் கொஞ்சம் வித்தியாசம் வரும். மூன்றாவது, மேலே சொன்ன நேரமும் சாப்பாடும்.

இந்த ஆட்டங்களையெல்லாம் தாண்டி உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று சொல்ல, ஏறக்குறைய பாதி அளவாவது வித்தியாசம் வேண்டும். 4 என்பது 8 ஆனால் ஏதோ நடந்திருக்கிறது. 4 என்பது 5 ஆனதற்கு மாத்திரையை மாற்றி, பிறகு அது 4க்கு வந்ததும் "மாத்திரை வேலை செய்கிறது" என்று மகிழ்வது, காற்றில் ஆடும் தராசைப் பார்த்துப் பருப்பு விலையை மாற்றுவது போன்றது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒழுங்கான லேப் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே போய்க்கொண்டிருங்கள். தள்ளுபடி அட்டையைப் பார்த்து மாறாதீர்கள்.

போன தடவை டி-4 வெறும் 1.2. இந்த லேபில் 15.4. பத்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டதே!

ஏறவில்லை, அளவை மாறியிருக்கிறது. ஒரு லேப் நானோகிராமில் சொல்லும், இன்னொன்று பிகோமோலில் சொல்லும். ஃப்ரீ டி-4இல் டெசிலிட்டருக்கு 1.2 நானோகிராமை 12.87ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 15.4 பிகோமோல். படியில் அளந்த நெல்லைக் கிலோவில் சொன்னதுதான். டி.எஸ்.எச்.சில் இந்தத் தொல்லை இல்லை: மில்லி லிட்டருக்கு மைக்ரோ யூனிட் என்று எழுதினாலும் லிட்டருக்கு மில்லி யூனிட் என்று எழுதினாலும் எண் ஒன்றே.

ஃப்ரீ டி-4 என்கிறீர்கள். இலவசமாகப் பார்ப்பதா அக்கா?

திசையன்விளைப் பெரியவர் ஒருவர் உண்மையாகவே கேட்டது இது. பில்லைப் பார்த்ததும் அவருக்கே விடை தெரிந்துவிட்டது.

ரத்தத்தில் ஓடும் டி-4இல் 99 சதவீதத்துக்கும் மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா பயணம் செய்கிறது. ஒட்டாமல் தனியே திரியும் துளிதான் வேலை செய்கிறது. அந்தத் துளிதான் ஃப்ரீ டி-4. கர்ப்பகாலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் சுமக்கிற புரதம் கூடும். மொத்த டி-4ஐ மட்டும் அளந்தால், தைராய்டு நன்றாக இருந்தும் அதிகமாகத் தெரியும். பஸ் பெரிதானதால் பயணிகள் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வழக்கமான பார்வைக்கு டி.எஸ்.எச்.சும் ஃப்ரீ டி-4உம் போதும். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டி-3 பார்த்து ஆகப்போவது பெரிதாக ஒன்றுமில்லை. தொகுப்பில் சேர்த்து விற்கிறார்கள் என்பதற்காக ஒவ்வொரு முறையும் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

மாத்திரையை 50இலிருந்து 75 ஆக்கிப் பத்து நாள் ஆயிற்று. இன்று பார்த்துவிடலாமா?

பணம் வீண். டி-4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். புது அளவு உடம்பில் நிலைக்க ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் கடைமடைக்காரர் நம்பிக்கை வந்து சத்தத்தைக் குறைப்பார். ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுங்கள். இடையில் எடுத்தால் பழைய அளவும் புது அளவும் கலந்த ஏதோ ஓர் எண் வரும். அதை வைத்து டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒழுங்காக மாத்திரை போடுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் டி.எஸ்.எச். ஏறியே வருகிறது. டெஸ்ட்தானே தப்பு?

டெஸ்டைக் குறை சொல்லும் முன் சமையலறைக்குள் போவோம். மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போக வேண்டும். பிறகு அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், காப்பிகூடக் கூடாது. கருப்பட்டிக் காப்பி என்றாலும் காப்பிதான். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் நான்கு மணி நேரம் தள்ளி. மாத்திரைக் குப்பி எங்கே இருக்கிறது என்றும் கேட்பேன். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி என்றால், அல்லது சித்திரை வெயில் அடிக்கும் ஜன்னல் திட்டு என்றால், அங்கேயே பதில் கிடைத்துவிடும். சூடும் ஈரமும் அந்த மாத்திரைக்கு ஆகாது.

இன்னொரு வகையும் உண்டு. டி.எஸ்.எச். 18, ஃப்ரீ டி-4 மேல் வரம்பை ஒட்டி. தண்ணீர் நிறைய ஓடுகிறது, வயல்காரரும் கத்துகிறார். எப்படி? இரண்டு மாதம் மாத்திரையை மறந்துவிட்டு, டெஸ்டுக்கு முந்தைய ஒரு வாரம் மட்டும் ஒழுங்காக விழுங்கியிருப்பார். பரீட்சைக்கு முந்தின இரவில் படித்த பிள்ளைதான். டி-4 உடனே ஏறிவிடும்; டி.எஸ்.எச். இரண்டு மாதக் கதையைச் சொல்லும். நான் ஒருவரையும் காட்டிக்கொடுத்ததில்லை. ஆனால் டாக்டர் இதை நம்பி மாத்திரை அளவை ஏற்றிவிட்டால், பிறகு ஒழுங்காகச் சாப்பிடும்போது படபடப்பு உங்களுக்குத்தான்.

முடி கொட்டுகிறது என்று பார்மசியில் வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. வள்ளியூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. டி.எஸ்.எச். 0.05, ஃப்ரீ டி-4 வரம்புக்கு மேல். தாளைப் பார்த்தால் தைராய்டு கொழுந்துவிட்டு எரிகிறது. ஆளைப் பார்த்தால் கை குளிர்ச்சியாக இருந்தது, நடுக்கம் இல்லை, நாடி 72. எடை குறைந்ததா என்றால், கல்யாணப் பட்டு ரவிக்கை இறுகுகிறது என்று அம்மா கவலைப்படுகிறார். "வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?" என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரு டப்பா வெளியே வந்தது: பயோட்டின், 10 மில்லிகிராம்.

ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டிய பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். அந்த மாத்திரையில் அதைப் போல முந்நூறு மடங்குக்கு மேல். பல மெஷின்களில் எதிர்ப்பொருளைப் பிடித்து வைக்கும் பசையே பயோட்டின்தான். ரத்தத்திலும் அது நிறைந்திருந்தால் பசை குழம்பிவிடும். டி.எஸ்.எச். அளக்கும் முறையில் எண் பொய்யாக இறங்கும். ஃப்ரீ டி-4 அளக்கும் முறையில் பொய்யாக ஏறும். இரண்டும் சேர்ந்தால் அச்சு அசலாக அதிகத் தைராய்டு வேஷம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. எல்லா மெஷினிலும் இப்படி நடக்காது, புது வேதிப்பொருள்கள் சிலவற்றில் சரிசெய்திருக்கிறார்கள். உங்கள் லேபில் எது என்று உங்களுக்குத் தெரியாதே. டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அதிக அளவு என்றால் இன்னும் சில நாள். அந்தப் பெண் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வந்தாள். டி.எஸ்.எச். 1.9.

என் பெயரில் வேறு ஆளுடைய ரிப்போர்ட் வந்துவிடுமா?

வரும். என் கையாலேயே ஒருமுறை வந்தது. ஐப்பசி மழை கொட்டிய ஒரு காலை. கூட்டத்தைச் சமாளிக்கக் குழாய்களில் முன்கூட்டியே பெயரை எழுதி வரிசையாக நிறுத்தியிருந்தேன். அன்றைக்கு இரண்டு இசக்கியம்மாள். பெயரைக் கூப்பிட்டேன், வந்தவருக்கு எடுத்தேன், கையில் கிடைத்த குழாயில் விட்டேன். மாலையில் ஒருவருக்கு 48, இன்னொருவருக்கு 2.1. 2.1 வாங்கிய அம்மா "அப்படியானால் எனக்கு ஒன்றும் இல்லையா?" என்றார். தகரத்தை இழுத்தது போன்ற குரல், வீங்கிய கண்ணிமை. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருவருக்கும் காசில்லாமல் மறுபடி எடுத்து உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து ரத்தம் எடுத்த பிறகு, அவர் கண் முன்னால்தான் குழாயில் பெயர் ஒட்டுவேன். பெயரோடு வயதும் தகப்பனார் அல்லது கணவர் பெயரும். நம் ஊரில் இசக்கியும் சுடலையும் மாடனும் பேச்சியும் தெருவுக்குப் பத்துப் பேர். உங்கள் குழாயில் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். அது மரியாதைக் குறைவே இல்லை.

அம்பாசமுத்திரத்தில் எடுத்த ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்புகிறார்களாம். வெயிலில் கெட்டுப்போகாதா?

தைராய்டு ஹார்மோன்கள் கொஞ்சம் கெட்டித் தோல்காரர்கள். மஞ்சள் மூடிக் குழாயில் எடுத்து, அரை மணி நேரம் உறையவிட்டு, சுழற்றி ரத்த நீரைப் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் சில நாள் தாங்கும். சர்க்கரை, பொட்டாசியம்தான் சீக்கிரம் கெடும். ஆகவே தூரம் பெரிய குற்றமில்லை. பிரிக்காமல் அப்படியே பைக் பெட்டியில் மதியம் வரை சுற்றினால் அது குற்றம். கேட்க வேண்டிய கேள்வி: "இங்கேயே சுழற்றி ஐஸில் வைத்துத்தானே அனுப்புவீர்கள்?"

டெங்குவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்த்ததில் தைராய்டு இருப்பதாகச் சொன்னார்கள். இப்போது இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?

இப்போதைய ரிப்போர்ட்டை. கடுமையான காய்ச்சல், மாரடைப்பு, பெரிய அறுவை சிகிச்சை என்று உடம்பு அடிபட்டிருக்கும்போது அது தானே செலவைச் சுருக்குகிறது. டி-3 விழும், டி.எஸ்.எச்.சும் இறங்கலாம். தேறி வரும்போது டி.எஸ்.எச். வரம்பைத் தாண்டி ஏறிவிட்டு இறங்கும். ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும் டி.எஸ்.எச். தாழும். தைராய்டுதான் நோய்க்குக் காரணம் என்ற பலமான சந்தேகம் இல்லாவிட்டால், வீடு திரும்பி ஆறு வாரமாவது ஆன பிறகு பார்ப்பதே நல்லது.

மகள் இரண்டு மாதம் முழுகாமல் இருக்கிறாள். டி.எஸ்.எச். 0.3. அதிகத் தைராய்டா?

பெரும்பாலும் இல்லை, ஆனால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஹார்மோன் ஒன்று தைராய்டைத் தானே தட்டி எழுப்பிவிடும். தண்ணீர் வேறு வாய்க்காலிலிருந்து வருவதால் கடைமடைக்காரர் பேசாமல் இருக்கிறார். ஃப்ரீ டி-4 சரியாக இருந்து, படபடப்பும் இல்லாவிட்டால் பல பேருக்கு நாலாம் ஐந்தாம் மாதத்தில் தானே சரியாகும்.

மறுபக்கம், அதாவது கர்ப்பத்தில் டி.எஸ்.எச். ஏறுவதில்தான் அதிக கவனம் வேண்டும். மேல் வரம்பை முன்பு 2.5 என்று கறாராக வைத்திருந்தார்கள். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் அதைத் தளர்த்தி, அந்தந்த ஊர் மக்களுக்கான வரம்பு இல்லாதபோது சுமார் 4 என்றது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் கர்ப்பமானால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது. தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோருக்கு அளவு கூட்ட வேண்டியிருக்கும்.

பேரனுக்குப் பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்தார்கள். முதல் நாளே எடுத்திருக்கக் கூடாதா?

குழந்தை வெளியே வந்த சில நிமிடங்களில், வெளிக்குளிர் பட்டதும் டி.எஸ்.எச். 60, 80 என்று பாயும். ஓரிரு நாளில் அடங்கும். முதல் நாளே எடுத்தால் நல்ல குழந்தைகளும் நோயாளிப் பட்டியலில் சேர்ந்துவிடும். அதனால்தான் 48 மணி நேரத்துக்குப் பிறகு. அந்தக் குத்தலை மட்டும் ஒருபோதும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பிறவியிலேயே தைராய்டு இல்லாத குழந்தைக்கு முதல் சில வாரங்களில் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். தாமதித்தால் போனது போனதுதான்.

டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கோ அசதி, குளிர், முடி கொட்டுதல். டெஸ்ட் எதையாவது தவறவிடுமா?

அரிதாகத் தவறவிடும். சத்தம் போட வேண்டிய வயல்காரருக்கே தொண்டை கட்டிவிட்டால்? பிட்யூட்டரி பழுதானவர்களுக்கு டி-4 குறைந்திருந்தாலும் டி.எஸ்.எச். சாதுவாக 2 என்றே காட்டும். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், அதன் பிறகு பால் சுரக்காமல், மாதவிலக்கும் வராமல் இருக்கும் பெண்ணுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்து அனுப்பிவிடக் கூடாது. ஃப்ரீ டி-4உம் வேண்டும். இந்த விவரத்தை நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள், பத்து ஆண்டுக்கு முந்தைய பிரசவம் என்றாலும்.

மற்றவர்களுக்கு, தைராய்டை விட்டுவிட்டு ஹீமோகுளோபினைப் பாருங்கள் என்பேன். முக்கூடல் பக்கமிருந்து வரும் பீடி சுற்றும் பெண்கள் பலர் அசதி என்று தைராய்டு டெஸ்டுக்கு வருவார்கள். டி.எஸ்.எச். 2, ஹீமோகுளோபின் 7.

அதிகத் தைராய்டுக்கு இரண்டு மாதமாக மருந்து சாப்பிடுகிறேன். டி-4 நார்மல் ஆகிவிட்டது, டி.எஸ்.எச். மட்டும் இன்னும் 0.01. மருந்து வேலை செய்யவில்லையா?

வேலை செய்கிறது. நெடுநாள் வெள்ளத்தில் நின்ற வயல்காரருக்குக் குரல் திரும்பச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை டாக்டர் டி-4, டி-3ஐ வைத்துத்தான் மருந்தைத் திருத்துவார். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டி-3 வேண்டாம் என்று மேலே சொன்னேனே, அது குறைந்த தைராய்டுக்கு மட்டும்.

கல்லுப்புதான் சாப்பிடுகிறோம். அயோடின் போதுமா என்று இந்த டெஸ்டில் தெரியுமா?

தெரியாது. தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருந்தாலும், கடல் உப்பில் இயல்பாக அயோடின் சொற்பம்தான், சேர்த்தால்தான் உண்டு. பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சொன்னதையெல்லாம் செய்தாயிற்று. ஆனாலும் ரிப்போர்ட்டும் உடம்பும் ஒட்டவே இல்லை. இனி என்ன?

சிலருடைய ரத்தத்தில் மெஷினின் எதிர்ப்பொருளையே பிடித்துக்கொள்ளும் வேறு எதிர்ப்பொருள்கள் இருக்கும். மூட்டுவாத நோய்க்காரர்களில் சிலருக்கு இப்படி. இன்னும் சிலரிடம் டி.எஸ்.எச்.சே பெரிய கட்டியாகப் பிணைந்து, வேலை எதுவும் செய்யாமல் ரத்தத்தில் தங்கிவிடும். மெஷின் அதையும் எண்ணி 40, 60 என்று காட்டும்; ஆள் கல்லுப்போல இருப்பார், ஃப்ரீ டி-4உம் நடுவில் நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று வழி. வேறு நிறுவன மெஷினில் அதே ரத்த நீரை ஓட்டுவது. இரண்டு மடங்கு, நான்கு மடங்கு நீர்த்து ஓட்டுவது: உண்மையான எண் என்றால் 40 என்பது 20 ஆகி 10 ஆகும், பொய் என்றால் 40, 31, 9 என்று தாறுமாறாகப் போகும். பெரிய கட்டிகளை வேதிப்பொருளால் படியவைத்துவிட்டு மிச்சத்தை அளப்பது. மூன்றாவது பெரிய லேப்களில்தான் நடக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதும்; லேப்காரர்களுக்கு இது தெரிந்த வேலைதான், கேட்கிறவர்கள்தான் குறைவு.

உங்களுக்கும் தைராய்டு உண்டாமே. உங்கள் ரிப்போர்ட்டை நீங்கள் நம்புகிறீர்களா அக்கா?

உண்டு, பதினோரு ஆண்டாக. பழைய நாட்குறிப்பு ஒன்றில் கோடு போட்டு எழுதி வருகிறேன்: தேதி, நேரம், மாத்திரை அளவு, எண், ஓரத்தில் ஒரு குறிப்பு. "காய்ச்சல் விட்டு மூன்று வாரம்." "கால்சியம் தொடங்கியது." "வேறு லேப், மழையால்." போன தை மாதம் 3.9, அதற்கு முந்தைய ஆடியில் 2.8. ஓரக் குறிப்பைப் பார்த்தால் "பகல் 2 மணி, பந்தி முடிந்து" என்று ஆடி வரிசையில் இருக்கிறது. டாக்டரிடம் நாட்குறிப்பை நீட்டினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, 62.5 மாத்திரையையே தொடரச் சொன்னார்.